ஒரு புழுக்கை இல்லாத காடு

இங்கன உக்காரலாமா தம்பி? ஆள் யாரும் வரலையே? சரி, கொஞ்சம் நகண்டுக்கோங்க. இல்ல இல்ல, பையை மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். மேல வைக்கிற பை இல்ல இது. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப் வர எவ்வளவு நேரமாகும்? ஒண்ணரை மணி நேரமா? ஆகட்டும். மெதுவாவே போகட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல. அவசரம்னா அவசரந்தான், இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இந்தக் கவரைக் கொண்டு போய்க் குடுத்தாகணும். முப்பது நாள் கெடு இன்னையோட முடியுது. ஆனா எனக்கு அவசரமில்ல. உங்களுக்குப் புரியாது. எனக்கே புரியல.

எம் பேரு குருவையா. ஊரு தாதனூரணி. கேள்விப்பட்டிருக்க மாட்டீக, பஸ்ஸே ஊருக்குள்ள வராது, விலக்குல எறங்கி ரெண்டு மைல் நடக்கணும். அங்க ஆடு வளர்ப்போர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். இன்னைக்கு நேத்தைக்கு இல்ல, இருபத்திரண்டு வருசமா. எலெக்சன்னு ஒண்ணு கிடையாது. கூட்டம் போடுவாக, "குருவையாவே இருக்கட்டும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாக. ஊருல வேற ஆம்பளை இல்லாம இல்ல. ஆனா கண்டிப்புக்குன்னு ஒரு ஆளு வேணும்ல. அந்த விசயத்துல எம்மேல ஒருத்தன் விரல் நீட்ட முடியாது. நீட்ட முடியாதுன்னுதான் நெனைச்சிட்டிருந்தேன்.

எங்க ஊரைச் சுத்தி முந்நூத்தி எண்பது ஏக்கர் மேய்ச்சல் காடு. காடுன்னதும் மரமும் புலியுமா நெனைச்சுக்கிடாதீக. கொழுக்கட்டைப் புல்லும் ஒடைமரமும் கெடக்கிற கரிசல் தரிசு. சர்க்கார் நிலம். எங்க அப்பா காலத்துல இருந்து சங்கம் குத்தகைக்கு எடுத்து மேய்க்குது. முப்பது வருசத்துக்கு ஒருக்கா பத்திரத்தைப் புதுப்பிப்பாக. நாப்பது குடும்பம், ரெண்டாயிரம் செம்மறி. அந்தக் காடு இருந்தாத்தான் ஆடு, ஆடு இருந்தாத்தான் அடுப்பு. அவ்வளவுதான் எங்க சங்கதி.

போன ஆவணியில ஒரு கடுதாசி வந்துச்சு. வடகாட்டு நூத்தி நாப்பது ஏக்கரைக் குத்தகையில இருந்து பிரிச்சு எடுக்கப் போறோம், பேச வாங்கன்னு. என்னமோ தகடு பரப்பி வெயில்ல கரண்டு எடுக்கிற கம்பெனிக்காம். வெயிலுக்கு எங்க ஊர்ல பஞ்சமா, எங்கன வேணாலும் பரப்புங்கய்யா, ஏன் எங்க வடகாட்டைப் பாத்து வாறீகன்னு ஊரே கொதிச்சுது. நான்தான், "பொறுங்கப்பா, நான் போய்ப் பேசிட்டு வாறேன்"னு சொன்னேன்.

போனேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ். உள்ள நுழைஞ்சதும் அந்த ஆர்.டி.ஓ. சார் என்ன செஞ்சாரு தெரியுமா? எந்திரிச்சு நின்னாரு தம்பி. எனக்கு! "வாங்க தலைவரே, உக்காருங்க"ன்னு நாற்காலியைக் காட்டுனாரு. எங்க அப்பா அந்த ஆபீஸ் வாசல்ல செருப்பைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னவரு. எனக்கு டீ வந்துச்சு. பிஸ்கட் வந்துச்சு. தம்பி, உண்மையைச் சொல்றேன், தலைகால் புரியல எனக்கு. என்ன பேசணும்னு வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போனேனோ அதுல பாதி அந்த டீயோட எறங்கிப் போச்சு.

மூணு தடவை பேசுனோம். நல்ல மனுசன், அதட்டல் கிடையாது, மிரட்டல் கிடையாது. "நீங்க சொல்லுங்க தலைவரே, உங்க அனுபவத்துல சொல்லுங்க"ன்னு கேட்டுக் கேட்டு எழுதுவாரு. மூணாவது தடவை சொன்னாரு: "நாங்க வம்பு பண்ண வரல. பயன்பாட்டுல இருக்கிற இடத்துல ஒரு சென்ட் தொடமாட்டோம். பயன்படாமக் கெடக்கிறதை மட்டுந்தான் குத்தகையில இருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு. ஒரு நாள் நேர்ல வந்து பாக்குறோம். நீங்களே கூட வந்து காட்டுங்க." இதுல என்ன தப்பு இருக்கு? ஞாயமாத்தான இருக்கு? "வாங்க சார், எங்க காட்டை வந்து பாருங்க, இந்தச் சுத்துப்பட்டுல இப்படி ஒரு காட்டைப் பாக்க மாட்டீக"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டு வந்தேன். மார்கழி பத்தாந்தேதின்னு நாள் குறிச்சாக.

மார்கழி. அங்கதான் இருக்கு சூட்சுமம். உங்களுக்கு அடைப்புன்னா என்னன்னு தெரியாதுல்ல?

ஐப்பசி மழை விழுந்ததும் வடகாட்டை அடைச்சிருவோம். முள்வேலி கிள்வேலி ஒண்ணும் கிடையாது. நாலு மூலையிலயும் கம்பு நட்டுப் பனையோலை முடிஞ்சு வச்சிருவோம். ஓலையைப் பாத்தா ஒரு ஆடு உள்ள போகக் கூடாது. ஒரு கட்டுப் புல் அறுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி வரைக்கும் எல்லா ஆடும் தெக்காட்டுலதான் மேயணும். பங்குனி பொறந்ததும் தெக்காடு மொட்டையாயிரும். அப்ப வடகாட்டைத் தெறப்போம். முழங்கால் உயரத்துக்குப் புல்லு காஞ்சு நிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, நாலு மாசத்துக்கு ஆடு உயிரோட இருக்கிறது அந்தப் புல்லாலதான். அந்த நாலு மாசந்தான் ஆட்டுக்காரனுக்கு வருசமே. மத்த எட்டு மாசம் யார் வேணாலும் ஆடு மேய்க்கலாம்.

அந்த அடைப்பைக் காக்கிறதுதான் தலைவர் வேலை. நான் காத்தேன் தம்பி. எந்தம்பி மகன் ஆடு உள்ள போச்சுன்னு அவனைக் கூட்டத்துல நிறுத்திக் கேட்டவன் நான். எங்க சங்கத்துல ரெண்டே ரெண்டு குத்தந்தான் பெரிய குத்தம். ஒண்ணு அடைப்பை மீறுறது. இன்னொண்ணு... அதை அப்புறம் சொல்றேன்.

இப்ப ஆபீசருக மார்கழியில வாறாக. அடைப்புக்குள்ள ஒரு ஆடு இல்ல. நீங்களே சொல்லிருவீக இனி என்ன நடந்திருக்கும்னு. எனக்கு மட்டும் வெளங்கல. ஊருக்குள்ள ஒருத்திக்கு வெளங்குச்சு.

ஆவுடைத்தாய். எம் பங்காளி மக. எனக்கும் மக மொறைதான், பெரியப்பான்னு கூப்பிடும். கட்டிக்குடுத்த எடத்துல புருசன் போயிச் சேந்துட்டான், திரும்பி வந்து அப்பன் பங்கு ஆடு அறுபதை வச்சு மேய்ச்சுக்கிட்டிருக்கு. அதிகம் பேசாது. பேசுனா நறுக்குன்னு பேசும். சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு, "பெரியப்பா, அன்னைக்கு ஒரு நாளைக்கு வடகாட்டைத் தெறந்து விடுவோம். எல்லா ஆட்டையும் உள்ள விடுவோம். வாறவுக கண்ணுல ஆடு படட்டும். பயன்பாடுன்னா அவுகளுக்கு ஆடு வாயை வச்சு மேயிறதுதான், நம்ம அடைப்பு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆபீசர் வாறாருன்னு ஒரு நாளைக்கு ஓலையைப் பிடுங்குனா, நாளைக்கு மச்சான் வாறான்னு பிடுங்குவீக. கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு. அவுக வந்து நம்ம கட்டுப்பாட்டைத்தான் பாக்கணும்." எல்லாரும் தலையாட்டுனாக. ஆவுடை உக்காந்திருச்சு. நான் சொன்னதுல இப்பக் கூட ஒரு எழுத்துத் தப்பு கண்டுபிடிக்க முடியாது தம்பி. அதுதான் வயித்தெரிச்சல்.

பத்தாந்தேதி வந்தாக. ரெண்டு ஜீப்பு. ஆர்.டி.ஓ. சார், ஆர்.ஐ., சர்வேயர், வி.ஏ.ஓ. ஊர்க்காரங்க யாரும் வர வேண்டாம், கூட்டம் கூடுனா ஆபீசருக்கு எரிச்சலாயிரும்னு நானே சொல்லி எல்லாரையும் தெக்காட்டுக்கு அனுப்பிட்டேன். நான் மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நின்னேன். வடகாட்டைக் காட்டுனேன். அந்த வருசம் மழை நல்ல மழை. புல்லு பச்சைப் பசேல்னு இடுப்பு வரைக்கும் நிக்குது. எனக்குப் பெருமை தாங்கல.

ஆர்.ஐ. கீழ குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. "என்ன தலைவரே, ஒரு ஆட்டுப் புழுக்கை கூட இல்ல?"ன்னாரு.

"ஒரு புழுக்கை பாக்க முடியாது சார். பாத்துட்டா நான் மீசையை எடுத்திருறேன்!"

சிரிக்காதீக தம்பி. சிரிங்க, சிரிச்சாத்தான் எனக்கு உறைக்கும். எம்புட்டுப் பெரிய கிறுக்கன் பாருங்க. அவரு எழுதிக்கிட்டாரு. நான் அவரு எழுதுறதை எட்டிப் பாத்து, சரியா எழுதுறாரான்னு வேற பாத்தேன்.

அப்பப் பாத்து, கெழக்கு ஓரத்துல, புல்லு அசையுது. ஆடு. பாத்தா ஆவுடை. அறுபது ஆட்டையும் அடைப்புக்குள்ள விட்டுட்டு, கரையில ஏறி எல்லாருக்கும் தெரியிற மாதிரி நிக்குது. ஒளியல. மறையல. ஜீப்பையே பாத்துக்கிட்டு நிக்குது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! இப்பத்தான் மீசையைப் பந்தயம் கட்டிருக்கேன். போனேன். போகச் சொன்னேன். போயிருச்சு.

அவ்வளவுதான். திரும்பி வந்தப்ப ஆர்.டி.ஓ. சார் சிரிச்சுக்கிட்டு, "பரவாயில்லையே தலைவரே, நல்ல கண்டிப்பு"ன்னாரு. "இங்க யாரையும் மேய்க்க விடுறதில்லையா?"ன்னு கேட்டாரு. "இப்ப யாரையும் விடுறதில்ல சார், பங்குனிக்கு அப்புறந்தான்"னேன். பங்குனின்னு சொன்னேன் தம்பி. சத்தியமாச் சொன்னேன். ஜீப்பு பானெட்டு மேல வச்சு ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாக. பானெட்டு சுட்டுச்சு, அது ஞாபகம் இருக்கு. தாள்ல என்ன இருந்துச்சுன்னு பாக்கல. நமக்கு எந்திரிச்சு நின்ன மனுசன் நீட்டுற தாளை வாசிச்சுப் பாத்தா மரியாதையா இருக்குமான்னு போட்டுட்டேன்.

தை மாசம் அதோட நகல் வந்துச்சு. "மேற்படி நிலத்தில் கால்நடை மேய்ச்சல் ஏதும் இல்லை. மேய்ச்சலுக்கு யாரையும் அனுமதிப்பதில்லை எனச் சங்கத் தலைவரே தெரிவித்தார். தணிக்கையின்போது தற்செயலாக நுழைந்த ஆடுகளையும் அவரே வெளியேற்றினார்." கீழ எங் கையெழுத்து. பங்குனியைக் காணோம். பங்குனின்னு ஒரு மாசமே அவுக காலண்டர்ல இல்ல போலிருக்கு.

கடைசி வரியை நான் ஊருக்குள்ள வாசிக்கல. "ஆபீசரு நம்மளை ஏமாத்திட்டான், வெறுங்காடுன்னு எழுதிட்டான்"னு மட்டும் சொன்னேன். கூட்டத்துல ஒருத்தன் கேட்டான், "ஏன் ஆவுடை, அன்னைக்கு உன்னைத் தெக்காட்டுல காணோமே, வடகாட்டுலயா மேய்ச்ச, ஆடு ஒண்ணாவது அவுக கண்ணுல படலையா?"ன்னு. அது என்னைப் பாத்துச்சு. நான் கூரை ஓட்டைப் பாத்தேன். "நான் அந்தப் பக்கம் போகலண்ணே"ன்னு சொல்லிருச்சு. எனக்காகச் சொல்லிச்சுன்னு நெனைச்சீகளா? நான் அப்படி நெனைக்கல அன்னைக்கு. அடைப்பை மீறுன குத்தத்துக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்லுதுன்னு நெனைச்சேன். நெனைச்சு, மனசுக்குள்ள மன்னிச்சு வேற விட்டேன். என் பெருந்தன்மையைப் பாருங்க.

ஆட்சேபம் இருந்தாச் சொல்லலாம்னு தாலுகா ஆபீஸ்ல விசாரணை வச்சாக. நாப்பது குடும்பமும் போனோம். ஆர்.டி.ஓ. சார் நடுவுல உக்காந்திருக்காரு. எனக்கு அன்னைக்கும் நாற்காலி போட்டாக. முன் வரிசையில. மத்தவுக எல்லாம் பின்னால நிக்கிறாக.

ஆளுக்கொண்ணு பேசுனாக. "காலங்காலமா மேய்க்கிறோம் சார்", "அது பங்குனிக்கு மேயிற காடு சார்". அவரு பொறுமையாக் கேட்டுட்டு, "எழுத்துல ஒண்ணும் இல்லையே. உங்க தலைவரே சொல்லிருக்காரே"ன்னு அந்தத் தாளைக் காட்டுறாரு. எல்லாரும் என்னைப் பாக்குறாக.

அப்ப வாசல்ல சலசலன்னு சத்தம். "ஏய், ஏய், வெளிய கொண்டு போ"ன்னு பியூன் கத்துறாரு. திரும்பிப் பாத்தா ஆவுடை. தோள்ல ஒரு பெட்டை ஆடு. அப்படியே தூக்கிக்கிட்டு உள்ள வந்து சாருக்கு முன்னால தரையில எறக்கி விட்டுச்சு. ஆட்டுக்கு முன்னங்கால்ல மூங்கில் பத்தை வச்சுக் கட்டுப் போட்டிருக்கு. மூணு கால்ல நிக்குது. நின்ன எடத்துலயே சடசடன்னு புழுக்கை போட்டுச்சு. ஆபீஸ் பூரா சிரிப்பு. ஆர்.ஐ.யும் சிரிக்கிறாரு.

ஆவுடை சிரிக்கல. குனிஞ்சு அந்தப் புழுக்கையை அள்ளி முந்தியில முடிஞ்சுக்கிட்டு, "அன்னைக்கு நீங்க தேடுனது இதுதான சார்"னு கேட்டுச்சு.

சிரிப்பு நின்னு போச்சு.

"சார், நான் அடைப்பை மீறி ஆட்டை உள்ள விட்டேன். எங்க சங்கத்துல அது குத்தம். எந் தப்பை நானே எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிடுறேன், எழுதிக்கோங்க. உள்ள ஆடு மேஞ்சுச்சு. அறுபது ஆடு. அதுக்கு இந்தக் கால்தான் சாட்சி. வடகாட்டுக்குள்ள வச்சு, மார்கழி பத்தாந்தேதி, நீங்க நின்னுக்கிட்டிருக்கும்போது ஒடைஞ்ச காலு இது."

"யாரும்மா ஒடைச்சா?"

அது என்னைப் பாக்கவே இல்ல தம்பி. சாரைத்தான் பாத்துச்சு. "ஒடைச்சவுக இங்கனதான் இருக்காக சார். நான் பேரு சொல்ல மாட்டேன். அவுகளே சொல்லுவாக."

ஆமா தம்பி. போகச் சொன்னேன், போயிருச்சுன்னு சொன்னேன்ல. அது பொய். வாயால சொல்லிருந்தாத்தான் போயிருக்குமே. ஓடுனேன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அவுக பாக்குறாகளேன்னு ஓடுனேன். "எவடி அவ, அடைப்புக்குள்ள ஆட்டை விட்டது"ன்னு கத்துனேன். எவடின்னு. எம் மகளை. கையில இருந்த கம்பை வீசிட்டேன். கம்பு சுத்திக்கிட்டே போய் ஒரு பெட்டையோட முன்னங்கால்ல விழுந்துச்சு. ஒடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. சினை ஆடு. ஆவுடை அதைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு மத்த ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு. நான் கம்பை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்து, "பாத்தீங்களா சார்"னு சிரிச்சேன்.

ரெண்டு குத்தம்னு சொன்னேன்ல. அந்த ரெண்டாவது குத்தம் இதுதான். ஆட்டு மேல கம்பை வீசுறது. எங்கள்ல கம்பு ஆட்டை அடிக்கிறதுக்கு இல்ல, நாயை வெரட்டுறதுக்கு. தரையில தட்டலாம், குரல் குடுக்கலாம். வீசிக் காலை ஒடிச்சான்னா அவன் ஆட்டுக்காரனே இல்ல. கருத்தப்பன்னு ஒருத்தன், குடிச்சுப்போட்டு ஒரு கெடாயை ஒடிச்சுட்டான். அவனை அந்த ஆட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போய் "நான் ஒடிச்சேன், நான் ஒடிச்சேன்"னு சொல்லச் சொன்னோம். அதுதான் எங்க தண்டனை. சொல்லச் சொன்னது யாரு? நான். அவன் நாப்பது வாசல்லயும் அழுதுக்கிட்டே சொன்னான். அப்புறம் ரெண்டே மாசத்துல ஆட்டை வித்துட்டு, பொண்டாட்டியை ஊர்ல விட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான். அவன் பின்னாலேயே போய் ஒவ்வொரு வாசல்லயும் சரியாச் சொல்றானான்னு நின்னு கேட்டவன் நான்.

அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். பின்னால நாப்பது குடும்பம். அதுல கருத்தப்பனோட பொண்டாட்டி நிக்குது. ஆர்.டி.ஓ. சார் கேக்குறாரு: "தலைவரே, எங்களுக்குத் தூரத்துல ஏதோ வழி தப்புன ஆடு மாதிரித்தான் தெரிஞ்சுச்சு, கிட்டப் போனது நீங்கதான். இது உண்மையா? இந்தம்மா ஆடு அங்க மேஞ்சுதா?"

'ஆமா'ன்னு ரெண்டெழுத்து. நான் ஒடிச்சேன்னு கூடச் சொல்ல வேண்டாம் தம்பி, மேஞ்சுச்சுன்னு சொன்னாப் போதும். ஆனா அதைச் சொன்னா, அடுத்து 'யாரு வெரட்டுனா', அடுத்து 'யாரு ஒடிச்சா'ன்னு வருமே.

"சரியா ஞாபகம் இல்ல சார்"னேன்.

அந்த ஆடு என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சுன்னு சொன்னா நான் கதை விடுறேன்னு நெனைப்பீக. அதெல்லாம் ஒண்ணும் பாக்கல. ஆட்டுக்கு என்ன தெரியும்? மேசை மேல இருந்த தாளைத் திங்க எட்டிக்கிட்டிருந்துச்சு. ஆவுடைதான், முத தடவையா எம் பக்கம் திரும்புச்சு. கோவமாப் பாத்திருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். கூட்டத்துல தொலைஞ்ச ஆளைத் தேடுற மாதிரி பாத்துச்சு. அப்புறம் ஆட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு.

மறு வாரம் உத்தரவு வந்துச்சு. நூத்தி நாப்பது ஏக்கர் குத்தகையில இருந்து நீக்கம், ஆட்சேபம்னா முப்பது நாளைக்குள்ள கலெக்டருக்கு மேல்மனு போடலாம்னு. அடுத்த நாளே வந்து எங்க பனையோலையைப் பிடுங்கிப் போட்டுட்டு மஞ்சக் கல்லு நட்டுட்டுப் போயிட்டாக. இன்னைக்கு மாசி இருபத்தேழு. தெக்காட்டுல மண்ணுதான் கெடக்கு. பங்குனி பொறக்க இன்னும் மூணு நாளு. ரெண்டாயிரம் ஆட்டை வச்சுக்கிட்டு அந்தக் கல்லுக்கு வெளிய நின்னு அந்தப் புல்லைப் பாத்துக்கிட்டிருக்காக. ஏழெட்டுப் பேரு யாவாரிகிட்டப் பேச ஆரம்பிச்சுட்டாக. ஆட்டுக் காலை ஜீப்புல வந்தவுகள்ல எவனோதான் ஒடிச்சிருப்பான்னு ஊரு முடிவு பண்ணிருச்சு, என்னை ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல தம்பி. அதுதான் கொடுமை. "நீங்க என்ன செய்வீக தலைவரே, சர்க்காரு நெனைச்சா எடுத்துக்கிடுது"ன்னு எனக்கு ஆறுதல் சொல்றாக. நானும் ஆமா ஆமான்னு ஆறுதலை வாங்கிக்கிடுறேன்.

இன்னைக்குக் காலையில ஆவுடை எங்க வீட்டுக்கு வந்துச்சு. ஒரு வக்கீலைப் பாத்துக் கலெக்டருக்கு மேல்மனு எழுதி வாங்கியிருக்கு. அது கையெழுத்தும் போட்டிருக்கு. "அன்னைக்குக் கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான் பெரியப்பா. பாத்தேன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இது நிக்குமாம். வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. நீங்களே கொண்டு போய்க் குடுங்க"ன்னு கவரைத் திண்டு மேல வச்சுட்டுப் போயிருச்சு. டீ குடிக்கிறியான்னு கேட்டேன். வேண்டான்னுட்டுப் போயிருச்சு.

இந்தக் கவர்தான். ஒட்டக் கூட இல்ல. காலையில இருந்து நான் தெறந்து பாக்கல. உள்ள என்ன இருக்கும்னு தெரியும்ல. எம் பேரு இருக்கும். தலைவர் குருவையா கம்பை வீசி ஒடிச்சாருன்னு இருக்கும். அதுல நானே கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தா, சாயங்காலமே ஊருக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் நாப்பது வாசல். இந்த வயசுல.

ஒண்ணு சொல்லட்டுமா, வெளிய சொல்லாதீக. பஸ் ஏறும்போது என்ன நெனைச்சேன் தெரியுமா? நடுவுல எங்கயாவது எறங்கி ஒரு டீயைக் குடிச்சுட்டு, ஆபீஸ் பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லிட்டுத் திரும்பிரலாம்னு நெனைச்சேன். நம்புவாக. நான் சொன்னா எங்க ஊரு நம்பும். அதான் உங்ககிட்ட வந்து உக்காந்தேன். பக்கத்துல ஆள் இருந்தா எறங்க மாட்டேன்ல.

தம்பி, ஒரு உதவி. இதைக் கொஞ்சம் வாசிங்க. ஓடுற பஸ்ல எனக்கு எழுத்து நிக்காது. மேல உள்ளதெல்லாம் வேண்டாம், சர்வே நம்பரெல்லாம் விடுங்க. அந்தக் கால் ஒடைஞ்ச எடம் எங்க இருக்குன்னு பாருங்க. ரெண்டாம் பக்கமா? வாசிங்க. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிடுறேன், நீங்க சத்தமாவே வாசிங்க.

என்னது?

இன்னொரு தடவை வாசிங்க.

"வெளியேறும்போது கல் தடுக்கி விழுந்ததில் எனது சினை ஆட்டின் முன்னங்கால் முறிந்தது."

கல்லா? கல்லுன்னா போட்டிருக்கு? நல்லாப் பாருங்க தம்பி, அடுத்த வரியில ஏதாவது... கீழ? பின்பக்கம்? எம் பேரு சாட்சின்ற எடத்துல மட்டுந்தானா?

கல்லுன்னு எழுதிருச்சே. பாவி மக, கல்லுன்னு எழுதிருச்சே.

இல்ல, ஒண்ணுமில்ல. தூசி. சன்னலைச் சாத்துங்க.

இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பெரியப்பனை விட்டுக்குடுக்காம எழுதி, வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்கன்னும் சொல்லிட்டுப் போயிருக்கு. நான் வாசிக்கக் கூட இல்ல. காலையில இருந்து இந்தக் கவரைப் பாம்பைத் தூக்கிட்டு வாற மாதிரித் தூக்கிட்டு வாறேன்.

ஆனா தம்பி, கல்லு போதாது. நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க. கல்லு தடுக்குனா ஒரு ஆடுதான் விழும். மத்த அம்பத்தொம்பது ஆடும் இடுப்பளவு புல்லை விட்டுட்டு ஏன் வெளிய போச்சுன்னு கேப்பாகளா மாட்டாகளா? மேயிற ஆடு தானா வெளிய போகுமா? ஒருத்தன் வெரட்டுனாத்தான் போகும். தற்செயலா நுழைஞ்சதுன்னுதான் அவுக தாள்ல இருக்கு, அடிச்சு வெரட்டுனவன் பேரு இருந்தாத்தான் மேஞ்சுச்சுன்னு ஆகும். அன்னைக்கு 'ஒடைச்சவுக இருக்காக'ன்னு சொல்லிட்டு, இன்னைக்கு இந்தக் கல்லை வச்சுக்கிட்டுப் போனா அந்த ஆர்.ஐ. ஒரே கேள்வியில தள்ளிருவாரு. கல்லு வந்து சாட்சி சொல்லுமா?

பேனா வச்சிருக்கீகளா? குடுங்க. இல்ல, நீங்களே வச்சுக்கோங்க, நீங்களே எழுதுங்க. அந்த எடத்தைக் காட்டுங்க, கல் தடுக்கின்னு இருக்கிற எடம். அதை அடிங்க. அடிக்கலாம் தம்பி, அடிச்சுட்டுப் பக்கத்துல நான் கையெழுத்துப் போட்டாச் செல்லும், பத்திரத்துல எத்தனை தடவை போட்டிருக்கேன்.

மேல எழுதுங்க. சீனிக்கோனார் மகன் குருவையா ஆகிய நான் கம்பை வீசியதில். எழுதுங்க. பஸ் குலுங்குதேன்னு பாக்காதீக. கோணலா இருந்தாலும் சரி, எம் பேருன்னு வாசிக்கத் தெரிஞ்சாப் போதும்.